ரெஜினா கடலில் குதித்த சாயங்காலம்

கட்டுமரம் தமிழா இல்லையா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. கட்டு, மரம். மரத்தக் கட்டுனா கட்டுமரம். இதுல சந்தேகப்பட என்ன இருக்கு? இதத்தான் நான் அந்தக் கிரீஸ்காரன்கிட்டச் சொன்னேன். அவன் ஒத்துக்கிடல.

கிரீஸ் நாடு அண்ணாச்சி. வண்டிக்குப் போடுறது இல்ல.

நீங்க உவரி வரைக்குமா? அப்ப நேரம் கெடக்கு. நான் மணப்பாட்டுக்கு ரோடு பிரியுற விலக்குல பஸ்ஸ விட்டு எறங்கணும். என் பேரு சவரிராயன். பாளையங்கோட்டை. தாலுகா ஆபீஸ்ல டெப்டி தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்களுக்கு ஒரே மக, ஜெரால்டின். மாப்பிள்ளையோட ஜெர்மனியில இருக்கா. போன மே மாசம் எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டா. என்னையும், வீட்லயும். வீட்ல பேரு ரெஜினா. அவளப் பத்தித்தான் இப்பப் பேச்சு. ஒரு மனுஷனுக்கு இப்படியும் நடக்குமான்னு கேட்டுட்டு நீங்க ஒரு நியாயம் சொல்லணும்.

ஜெர்மனியில இருக்கும்போது மக சொன்னா, "அப்பா, ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். கிரீஸ் போவோம். அங்க சாண்டோரினின்னு ஒரு தீவு. சாயங்காலம் படகுல ஏறி தீவச் சுத்திட்டு, சூரியன் மறையறதப் பாத்துட்டு வரலாம்." மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கல. நாங்க மூணு பேர்தான் போனோம். சூரியன் மறையறதப் பாக்க ஏரோப்பிளேன்ல ஏறிப் போகணுமான்னு கேட்டேன். பாளையங்கோட்டையில மறையலையா? மக சிரிச்சா. ரெஜினா சிரிக்கல. ரெஜினா "படகா?"ன்னு மட்டும் கேட்டா. "எவ்வளவு பெரிய படகு?"ன்னு கேட்டா. அப்ப நான் அதக் கவனிக்கல.

படகுத் துறைக்குப் போனா, ஏறும்போதே செருப்பக் கழட்டி ஒரு கூடையில போடச் சொல்லிட்டான். நம்ம கோயில் மாதிரி. ஜாஸ்திக் கூட்டம் இல்ல, பத்துப் பேர் இருக்கும். நாக்பூர்ல இருந்து ஒரு புது ஜோடி. அதுக ஒண்ண ஒண்ணு போட்டோ எடுத்துக்கிட்டே இருந்துதுக. ஹெல்கான்னு ஒரு ஜெர்மன்காரி, எழுவது வயசுக்கு மேல இருக்கும், பாதி உடம்புல துணி கெடையாது. நான் அந்தப் பக்கம் பாக்கல. அவ புருஷன் தொப்பிய மூஞ்சியில கவுத்துப் போட்டுத் தூங்கிட்டான்.

படகோட அமைப்பு எப்படின்னா, கீழ ரெண்டு படகு. ரெண்டையும் சேத்து மேல ஒரு தளம். முன்னால ரெண்டுக்கும் நடுவுல வலை கட்டியிருக்கு. அந்த வலையில ஆளுக படுத்துக் கெடக்கலாம், கீழ தண்ணி ஓடுறது தெரியும். ரெஜினா போன உடனே அதுல குப்புறப் படுத்துட்டா. அறுவது வயசு ஆகுது. மக வாங்கிக் குடுத்த சுடிதார் வேற. "எந்திரி, நாலு பேர் இருக்காங்க"ன்னு சொன்னேன். "அவங்களும்தான் படுத்திருக்காங்க"ன்னா. எந்திரிக்கல.

சரி, வெளியூர், இங்க என்ன சத்தம் போடன்னு நான் பின்னால போயிட்டேன். அங்கதான் படகு ஓட்டுற கேப்டன். மனோலிஸ்னு பேரு. நல்ல மனுஷன்தான். வெயில்ல கருத்த ஆளு, நம்ம ஊர்க்காரன் மாதிரியே இருந்தான். எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும். அவனுக்கு வேண்டிய அளவுக்கு வரும். "இந்தப் படகுக்கு கேட்டமரான்னு பேர் வச்சிருக்கீங்களே, அது எங்க சொல்லு தெரியுமா?"ன்னு கேட்டேன். "இல்ல, அது எங்க சொல்லு"ன்னான். எப்படின்னு கேட்டா, கிரேக்கத்துல 'கட்டா'ன்னா கீழயாம். கீழ என்ன, அந்த 'மரான்' எதுன்னு கேட்டேன். அதுக்கு பதில் இல்ல. பதில் இல்லன்னா மனுஷன் ஒத்துக்கிட வேண்டியதுதானே? மாட்டான். "எல்லாச் சொல்லும் முதல்ல எங்ககிட்ட இருந்துதான் போச்சு"ன்னான். அத நாமல்லா சொல்லணும்!

அவன் சித்தி ஒருத்தி ஏதென்ஸ்ல டீச்சராம். போன் போட்டுக் கேட்டான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை மாதிரிப் பேசுனாங்க. போன வச்சுட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். "என்ன சொன்னாங்க?" "தமிழ்னு சொல்லுதா. அவ ஏதென்ஸ்காரி, கடலப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

இப்படியே எரிமலைப் பக்கம் வந்துட்டோம். கடலுக்கு நடுவுல கரிக்கட்டை மாதிரி ஒரு தீவு. அதோட ஓரத்துல பாறைக்குள்ள இருந்து வெந்நீர் ஊறுது. அந்த இடத்துல மட்டும் கடல் பழுப்பா, நம்ம செம்மண் குளம் மாதிரி இருக்கு. படகு அதுவரைக்கும் போகாது. தள்ளி நிறுத்திடுவான். வேணுங்குறவங்க குதிச்சு நீந்திப் போயி, வெந்நீர்ல முங்கிட்டு வரணும். நமக்கு எதுக்கு அது? நான் ஒரு பேப்பர வாங்கி கேப்டனுக்கு கட்டுமரம் படம் போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தேன். இது நடு மரம், இது ஓரத்து மரம், இந்த எடத்துல கயிறுன்னு.

கேப்டன் படத்தப் பாத்துட்டு, "நீ இதுல போயிருக்கியா?"ன்னான்.

நான் உள்ளத உள்ளபடி சொல்லுறவன். "இல்ல. நான் ரெவின்யூ டிபார்ட்மெண்ட். என் மாமனார் கட்டுமரத்துல போனவர். என் சம்சாரத்தோட அப்பா."

"உன் சம்சாரம் எங்க?"

"அந்தா, வலையில படுத்திருக்கா"ன்னு கைய நீட்டித் திரும்புனா, வலையில ஆளில்ல.

அப்ப ஒரு சத்தம். தொப்புன்னு. நான் ஐஸ் பெட்டிதான் விழுந்துட்டுன்னு நெனச்சேன். மக, "அம்மா!"ன்னா. எட்டிப் பாத்தேன். தண்ணிக்குள்ள ரெஜினா.

விழுந்துட்டான்னு நெனச்சு, "கயிறு போடு, கயிறு போடு"ன்னு கேப்டனப் போட்டு உலுக்குறேன். அவன் அசையல. பாத்துக்கிட்டே நிக்கான். அப்புறம் "பிராவோ"ங்கான்.

ஏன்னா அவ நீந்துதா அண்ணாச்சி. சும்மா கைய கால ஆட்டுறது இல்ல. ஒரு கை முன்னால, ஒரு கை பின்னால, தல ஒரு பக்கமாத் திரும்பி மூச்சு எடுக்கு, திரும்ப உள்ள போகுது. ஒரு சத்தம் இல்ல. துப்பட்டாவ இடுப்பச் சுத்தி இறுக்கிக் கட்டியிருந்தா. மகதான் பெறகு சொன்னா. அம்மா வந்து, "ஆழமா இருக்குமா?"ன்னு கேட்டாளாம். "ஆழம்தாம்மா." "அடியில கல்லு கெடக்கா?" "இல்லம்மா, ஏன்?" கம்மலக் கழட்டி, செயினக் கழட்டி மக கையில குடுத்துட்டு, கொண்டைய ஒரு முடிச்சு போட்டுட்டுக் குதிச்சுட்டாளாம். ஏணி இருக்கு. ஏணியில எறங்கல பாத்துக்கிடுங்க. குதிச்சிருக்கா.

எனக்கு அவ நீந்துவான்னே தெரியாது. பிள்ள பெத்து, பிள்ளைக்கும் கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு. தெரியாது.

இதுதான் நான் கேக்குற நியாயம். புருஷன்கிட்ட ஒரு பொம்பள இத மறைக்கலாமா? மறைக்கக்கூடிய விஷயமா இது?

நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டேன். "ரெஜினா! போதும், மேல வா!" அவ அந்தப் பழுப்புத் தண்ணி வரைக்கும் போயி, திரும்பிப் பாத்துக் கைய ஆட்டுதா. ஹெல்காவும் அங்கதான் கெடக்கா. அவளும் கைய ஆட்டுதா. நாக்பூர் பையனும் ஆட்டுதான். கூப்பிட்டா வரணும், ஆட்டுனா என்ன அர்த்தம்? நானும் ஒரு தடவ ஆட்டுனேன், மரியாதைக்கு.

அதுக்கப்புறம் பாத்தா ரெஜினாவும் ஹெல்காவும் வாய் ஓயாமப் பேசிக்கிட்டு இருக்காளுக. இவளுக்கு ஜெர்மன் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. என்ன பேசுனீங்கன்னு பெறகு கேட்டேன். "தண்ணி நல்லா இருக்குன்னு பேசிக்கிட்டோம்"னா.

நேரம் ஆகுது, அவ வரல. என்னமோ ஆகிடக்கூடாதேன்னுதான் நான் எறங்குனேன். பொண்டாட்டி சொன்ன பேச்சுக் கேக்கலன்னு கோவத்துல எறங்குனதா மக சொல்லுதா. அப்படி இல்ல. பாதுகாப்புக்காக. மக கையப் பிடிச்சுத் தடுத்தா, "அப்பா, உங்களுக்கு நீச்சல் தெரியாதேப்பா." "சட்டை போட்டிருக்கேம்லா"ன்னேன். கேப்டன் ஒரு மஞ்சச் சட்டை குடுத்திருந்தான், போட்டா மெதக்குமாம். நானே மாட்டிக்கிட்டேன். கீழ ஒரு பெல்ட்டு இருந்தது, அத மாட்டணும்னு எவனும் எனக்குச் சொல்லல. சொன்னானாம். எனக்குக் கேக்கல.

ஏணியில எறங்குனேன் அண்ணாச்சி. தண்ணி ஐஸ். நெஞ்சு வரைக்கும் வந்ததும் மூச்சு நின்னு வந்தது. ஏணிய விட்டேன். விட்டதும் படகு நகந்துட்டு. படகுதான் போச்சு, நான் போகல. நான் இருந்த எடத்துலதான் இருந்தேன். மஞ்சச் சட்டை மட்டும் மேல போயிட்டு. அது என் காதுக்கு மேல நிக்கு, நான் அதுக்குள்ள கீழ கெடக்கேன். கண்ணுக்கு மஞ்சளத் தவிர ஒண்ணும் தெரியல. ரெண்டு வாய் உப்புத் தண்ணி போச்சு. கத்துனேன்னு மக சொல்லுதா. கத்தல. கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டிருக்கலாம்.

கேப்டன் குதிக்கத் தயாரா நின்னானாம். குதிக்க முன்னால ரெஜினா வந்துட்டா. அந்தத் தூரத்துல இருந்து எப்படி வந்தான்னு தெரியல. சட்டை காலரப் பிடிச்சு ஒரு இழுப்பு. மூஞ்சி வெளிய வந்துட்டு. நான் அவ கழுத்தப் பிடிச்சேன். யாரா இருந்தாலும் பிடிப்பாங்க.

"கைய எடுங்க."

எடுக்கல.

"கைய எடுங்கன்னு சொல்லுதேன்ல. ரெண்டு பேரும் போயிருவோம்."

அண்ணாச்சி, அவ எங்கிட்ட அந்த மாதிரிப் பேசுனதே கெடையாது. எங்க வீட்ல அவ என்ன சொன்னாலும் ஒரு 'ங்களா' இருக்கும். சாப்பிடுறீங்களா, படுக்குறீங்களா, போகட்டுங்களா. இது அந்தக் குரலே இல்ல. நான் கைய எடுத்துட்டேன்.

"ரெஜினா..."

"பேசாதீங்க. வாயத் தொறந்தா தண்ணி போகும். மல்லாக்கச் சாயுங்க. காலத் தூக்குங்க. வெறப்பா இருக்காதீங்க. மேகத்தப் பாருங்க. நான் வச்சிருக்கேன்."

நான் வச்சிருக்கேங்கா. நான் பாத்தேன். மேகம் ஒண்ணும் இல்ல, வெறும் வானம்தான். அவ கை என் பிடரிக்குக் கீழ இருந்தது. காதுக்குள்ள தண்ணி. ஒரு சத்தமும் இல்ல. சின்ன வயசுல எங்க அம்மா கால்ல போட்டுக் குளிப்பாட்டியிருப்பா, அது நமக்கு ஞாபகம் இருக்காது. அதுக்கப்புறம் என் தலய யாரும் அப்படித் தாங்குனது கெடையாது. எனக்குக் கொஞ்ச நேரம் பயமே இல்லாமப் போச்சு. படகுப் பக்கம் வந்துட்டோமான்னு கூட நான் பாக்கல. இன்னும் கொஞ்சம் போகலாமேன்னு... அது வேற விஷயம். அத விடுங்க.

அவ என்னைக் காப்பாத்துனான்னு மக ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டா. காப்பாத்தல. நான் மெதந்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ கூட வந்தா.

மேல ஏத்துனதும் எல்லாரும் கைதட்டுனாங்க. நான் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். பெறகுதான் தெரிஞ்சது, அவளுக்குத் தட்டியிருக்காங்க. தூங்குன ஜெர்மன்காரன் கூட எந்திரிச்சுத் தட்டுனான்.

பெறகு கறி சுட்டுக் குடுத்தாங்க, இறால் குடுத்தாங்க, வெள்ளரிக்கா போட்ட தயிர்ப் பச்சடி குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் எறங்கல. ரெஜினா ரெண்டு தட்டு சாப்பிட்டா. தல ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு பெரிய துண்டப் போத்திக்கிட்டு, காலத் தண்ணிப் பக்கம் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா. நானும் ஒரு துண்டப் போத்திக்கிட்டுப் பக்கத்துல போயி உக்காந்தேன்.

"ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"எத?"

"நீந்தத் தெரியும்னு."

"சொன்னேனே."

"எப்பச் சொன்ன?"

"கல்யாணம் ஆன புதுசுல. குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனோம்லா. ஆத்துல தண்ணி நெறையப் போச்சு. அக்கரை வரைக்கும் நீந்திட்டு வரட்டுங்களான்னு கேட்டேன். ஆபீஸ்காரங்க யாராவது பாப்பாங்க, கடக்கரைப் பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டு வராதன்னீங்க. கரையில உக்காந்து செம்புல மோந்து ஊத்திக்கிட்டேன்."

எனக்கு ஞாபகம் இல்ல அண்ணாச்சி. சத்தியமா ஞாபகம் இல்ல. நான் அப்படிச் சொல்லியிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். குறுக்குத்துறைக்கு அப்ப எங்க ஆபீஸ்ல இருந்து நெறையப் பேர் குளிக்க வருவாங்க. எங்க தாசில்தாரே வருவார். ஒரு தடவ சொன்னதுக்கு, மறுபடி கேக்கக் கூடாதா? மறுபடி கேட்டிருக்கலாம்லா?

சூரியன் அப்பத்தான் எறங்குது. மலை உச்சியில வெள்ளை வெள்ளையா வீடு, எல்லாம் செவந்து போச்சு. எல்லாப் படகும் அந்த எடத்துல வந்து நிக்கு. சூரியன் தண்ணிக்குள்ள போனதும் மறுபடியும் கைதட்டுறாங்க. சூரியனுக்கு! அது தினமும் பண்ணுற வேலை. அவங்க ஊர்ல அப்படி.

ரெஜினா தட்டல. "எங்க ஊர்ல கடல்ல உதிக்கிறதத்தான் பாத்திருக்கேன். கடல்ல மறையறத இன்னைக்குத்தான் பாக்கேன்"னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "உதிக்கிறதப் பாத்தும் எவ்வளவோ நாளாச்சு"ன்னா.

நான் ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னேன். "அதுக்கென்ன, ஊருக்குப் போனதும் மணப்பாட்டுல போயிப் பாத்தாப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். பேச்சுக்குச் சொல்லுறதுதானே? கடல்ல முங்கி எந்திரிச்ச மனுஷன் என்னதான் சொல்லமாட்டான்? அவ அதப் பிடிச்சுக்கிட்டா. ஊருக்கு வந்து பெட்டியத் தொறந்து அழுக்குத் துணியத் தொவச்சா, காயவச்சா, அதே பெட்டியில திரும்ப அடுக்குனா. "எங்க?"ன்னேன். "நீங்கதான் சொன்னீங்கள்லா"ன்னா. மணப்பாட்டுல அவ தம்பி வீடு. மச்சினன் பேரு அந்தோணி, சொந்தமா ஒரு மீன்பிடி போட்டு வச்சிருக்கான். போனவ ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். இப்ப ஆடி பொறந்தாச்சு.

காலையில வெளிச்சம் வரமுன்னால கடலுக்குப் போயிருதாளாம். ஊர்ப் பொம்பளைக முதல்ல சிரிச்சாளுகளாம். இப்ப மூணு நாலு பேரு கூடப் போறாளுகளாம். மச்சினன் போன்ல சொல்லுதான், "அத்தான், அக்கா சின்னப் பிள்ளையா ஆயிட்டா." எனக்கு அதக் கேட்டுச் சந்தோஷப்படணுமா, என்ன செய்யணும்னு தெரியல. சரி சரின்னு வச்சுட்டேன்.

பாளையங்கோட்டையில நான் ஒத்தையில. சோறு நானே பொங்கிக்கிடுதேன், அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. வீட்டுக்குள்ள சத்தம் இல்ல, அதுதான். 'சாப்பிடுறீங்களா'ன்னு ஒரு குரல் வரும்லா, அதக் கேட்டுட்டு நான் பேப்பர மடக்குவேன். இப்ப பேப்பர எப்ப மடக்குறதுன்னே தெரியமாட்டேங்கு. படிச்சதையே படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நேத்து போன் போட்டேன். கொஞ்சம் கண்டிப்பாவே பேசுனேன். "நாளைக்கு வாரேன், கெளம்பி இரு"ன்னேன்.

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேக்கு. அப்புறம் சொல்லுதா, "தங்குறதுக்கு வாரீங்கன்னா வாங்க. கூட்டிட்டுப் போக வாரீங்கன்னா வேண்டாம்."

தண்ணிக்குள்ள பேசுனாள்லா, அதே குரல்.

நான் என்ன சொன்னேன்னு நெனக்கீங்க? "சரி"ன்னேன். தங்குறேன்னு சொல்லல. வரலன்னும் சொல்லல. சரின்னேன். சரிக்கு எவ்வளவோ அர்த்தம் இருக்கு. நேர்ல போயி எடுத்துச் சொன்னாக் கேப்பா. நான் கூப்பிட்டு அவ வராம இருந்ததில்ல. அந்த ஒரு தடவையத் தவிர.

அந்தா, குலசை தாண்டிட்டு. விலக்கு வந்துட்டு அண்ணாச்சி. கண்டக்டர்! எறங்கணும், கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க, சாமான் இருக்கு. அண்ணாச்சி, ஒரு கை குடுங்க. அந்தப் பெட்டி என்னதுதான். ரெண்டும். அந்த டேபிள் ஃபேனும். அங்க காத்து வருமோ வராதோ. அது தலகாணி, எனக்கு வேற தலகாணி ஒத்துக்கிடாது. அந்தப் பையில மாத்திரை, பாத்து. மூணு மாசத்து மாத்திரை, சிந்திரக் கூடாது. இல்லல்ல, ஒரு ராத்திரிதான். நாளைக்குக் காலையில முத பஸ்ஸுக்குத் திரும்பிருவோம்.

அதுவா? அந்தக் கறுப்புச் சாமானா? லாரி ட்யூபு. காத்து எறக்கி மடிச்சு வச்சிருக்கேன். மச்சினன் மகனுக்கு, தண்ணியில போட்டு வெளையாடுறதுக்கு.

அவன் வயசா? முப்பத்திரெண்டு ஆகுது. போட்டு ஓட்டுதான்.